தேரியைக் குவித்த காற்று, கொற்கையை மூடிய ஆறு

(காட்சி: குதிரைமொழித் தேரி, காலை வெயில். செக்கச்செவேலென்று மணல்மேடு, நடுநடுவே பனைகள்.)

குரல்: திருச்செந்தூர் பக்கம் இருக்கிற தேரிக்காடு இது. வெறுங்காலோடு நடந்து பாருங்கள், அடிக்கு அடி கால் புதையும். கடல் பக்கத்தில்தான். ஆனால் கடற்கரை மணலின் வெளுப்பு இதில் இல்லை. ஒவ்வொரு மணல்மணியிலும் இரும்புத் துரு பூசியிருப்பதால்தான் இந்தச் சிவப்பு.

இந்த மேட்டைக் குவித்தது காற்று. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சீறி வருகிற, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று. மேற்கே மலையடிவாரச் செம்மண்ணை அது அள்ளிவந்தது என்பது நெடுநாளைய விளக்கம். பனியுகத்தில் கடல் உள்வாங்கியபோது வெளிப்பட்ட கடல்தரை மணலுக்கும் இதில் பங்குண்டு என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

(காட்சி: களத்தில் நெல் தூற்றுகிறார்கள். பிறகு, மணல்மேட்டின் முகட்டில் தத்தும் மணல், மிக நெருக்கத்தில்.)

குரல்: தூற்றும்போது என்ன நடக்கிறது? தூசு பறந்துவிடும், பதர் தள்ளி விழும், நெல் காலடியிலேயே குவியும். காற்று மண்ணையும் இப்படித்தான் பிரிக்கிறது. தூசி வெகுதூரம் போய்விடும். மணலை அவ்வளவு உயரம் தூக்க முடியாது, அது தத்தித் தத்தித்தான் நகரும். ஒரு மணி விழுகிற வேகத்தில் இன்னும் சில மணிகள் எகிறும். வழியில் ஒரு புதர் காற்றை மட்டுப்படுத்தினால் போதும், அங்கேயே மணல் இறங்கிவிடும். தேரியில் நிற்கும் ஒவ்வொரு பனையும் முந்திரியும் செய்வது இந்த வேலையைத்தான். அவற்றை வெட்டிச் சாய்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

(காட்சி: தாமிரபரணி. பொதிகை மலை அருவியிலிருந்து கழிமுகம் வரை.)

குரல்: ஆற்றுக்கும் இதே கணக்குதான். மலையில் வேகம் இருக்கும்வரை பாறாங்கல்லையே உருட்டும். சமவெளியில் முதலில் கல்லை விடும், அப்புறம் மணலை. கடலைத் தொடும் இடத்தில், ஓட்டம் அடங்கியதும், கடைசியாக வண்டலை.

அந்த வண்டல் மூடியதுதான் கொற்கை. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம். கடல் எட்டிப்போனதும் வணிகம் காயல் என்ற துறைமுகத்துக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ அங்கே கப்பல்களைப் பார்த்தார். ஆறு அதையும் விடவில்லை. இன்று பழையகாயல் எனப்படும் அந்த ஊரும் கரையை விட்டு உள்ளே தள்ளித்தான் இருக்கிறது.

(காட்சி: கொற்கை. வயல்வெளி, தூரத்தில் தென்னைகள்.)

குரல்: இப்போது கொற்கையில் நிற்கிறோம். கடல் இங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே. இந்த மண்ணைத் தோண்டிய ஆய்வாளர்களுக்குச் சங்கும் முத்துச்சிப்பி ஓடுகளும் கிடைத்தன.