திகாரிலிருந்து வந்த இரண்டாவது மனு

மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்து வந்த நண்பர் வாசலிலேயே கேட்டுவிட்டார்: "தண்டனை வாங்கினவன் எத்தனை தடவை சார் கோர்ட்டுக்குப் போவான்?"

அவர் மனதில் இருப்பது 2020 என்று தெரியும். நிர்பயா வழக்கில் ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 என்று தூக்குக்கு மூன்று முறை நாள் குறித்தார்கள், மூன்றும் தள்ளிப்போயின. திகார் சிறையில் இருந்த நான்கு குற்றவாளிகளில் ஒருவருடைய கருணை மனு முடிந்தால், இன்னொருவர் மறுசீராய்வு மனுவோடு நிற்பார். நால்வரையும் தனித்தனியே தூக்கிலிடச் சிறை விதி இடம் தரவில்லை. கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம், போட வேண்டிய மனுக்களை எல்லாம் ஒரு வாரத்துக்குள் போடுங்கள் என்று பிப்ரவரி 5 அன்று கெடு வைத்தது. நானும் சபாஷ் என்றேன். மார்ச் 20 அதிகாலையிலும் உச்ச நீதிமன்றம் ஒரு மனுவைக் கேட்டுத் தள்ளுபடி செய்தது, 5.30 மணிக்குத் தூக்கு.

சரி, அதே திகாரில் சுனில் பத்ரா என்றொரு மரண தண்டனைக் கைதி இருந்தார். தனிமைச் சிறைக்கு எதிராக அவர் போட்ட வழக்கில் 1978இல் தீர்ப்பு வந்தது. அதோடு விடவில்லை. இன்னொரு கைதியிடம் பணம் பறிக்க ஒரு வார்டர் (சிறைக் காவலர்) அவன் ஆசனவாயில் தடியைச் செருகிய கொடுமையை, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். வக்காலத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். 1979 டிசம்பரில் தீர்ப்பு எழுதியவர் நம் பாலக்காட்டு வி.ஆர். கிருஷ்ணய்யர். 'நீ ஏற்கெனவே ஒரு தடவை வந்தவன்' என்று திருப்பி அனுப்பியிருந்தால்?

அமெரிக்காவில் 1996இலிருந்து ஒரு கணக்கு உண்டு. கைதியின் மூன்று வழக்குகள் வெற்று வழக்கு என்று தள்ளுபடியானால், நான்காவதற்கு முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்ட வேண்டும். உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் விலக்கு. ஆனால் கவனியுங்கள், ஆபத்து அவனுக்கே வர வேண்டும். பக்கத்து செல்காரனுக்கு வந்தால் போதாது.

நம் மதராஸ் 1949இல் போட்ட சட்டம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். காரணமில்லாமல் வழக்கு மேல் வழக்காகப் போடுகிறவர் என்று உயர் நீதிமன்றம் அறிவித்துவிட்டால், அடுத்த வழக்குக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அவ்வளவுதான். அனுமதி தருமுன் ஒரு நீதிபதி அந்தக் காகிதத்தைப் படித்தே ஆக வேண்டும். பத்ராவின் கடிதத்துக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.