குருகும் உண்டு

வணக்கம் நேயர்களே. 'இப்பாடலில் வரும் குருகு எதை உணர்த்துகிறது?' தமிழ்த்தாளில் இப்படிக் கேட்டால் பிள்ளைகள் பலர் எழுதுவது: 'குருகு தூய்மையின் குறியீடு.' குருகு என்பது கொக்கு வகைப் பறவை; கொக்கு என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் தூய்மை. மதிப்பெண் போவது இங்கேதான். அந்தப் பாட்டில் வெள்ளை என்ற சொல்லே கிடையாது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது. ஐந்தே அடி. வானொலியில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதே, மெதுவாகவே சொல்கிறேன்:

'யாரும் இல்லை; தானே கள்வன்;
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான்மணந்த ஞான்றே.'

தலைவி தோழியிடம் சொல்கிறாள். 'அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே இல்லை என்று சாதித்தால் நான் என்ன செய்வேனடி? ஒரு குருகும் இருந்தது.'

விடை எழுதுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று. எந்தச் சொற்களை எடுத்துவிட்டாலும் செய்தி நிற்கும் என்று பாருங்கள். 'குருகும் உண்டு' என்பதே செய்திக்குப் போதும். ஆனால் கபிலர் கூடுதலாக இரண்டைத் தருகிறார்: தினைத்தாள் போன்ற கால், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்க்கும் பார்வை. அவற்றின் கீழ்க் கோடு போடுங்கள். குறிப்புப்பொருள் ஒளிந்திருப்பது அந்தக் கூடுதலில்தான்.

அதன் கண் மீன் மேல். இவர்களை அது பார்க்கவேயில்லை. பார்த்திருந்தாலும் வாய் திறந்து சொல்லப் போவதில்லை. இருந்த ஒரே சாட்சியும் உதவாத சாட்சி. இரையிலேயே குறியாக நிற்கும் அந்தப் பறவையின் பக்கத்தில் கள்வனையும் நிறுத்திப் பாருங்கள். அவனும் அப்படித்தானோ என்ற அச்சம் அவளுக்கு. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உள்ளுறை என்பது இதுதான். காலுக்குத் தினைத்தாளை ஏன் உவமை சொன்னார்? குருகு நீர்நிலைப் பறவை, பாட்டோ குறிஞ்சி. அந்த ஒரு தினைத்தாள் நம்மை மலைக்காட்டிலேயே நிறுத்திவிடுகிறது. 'குருகும்' என்பதில் உள்ள 'உம்'மையும் விட்டுவிடாதீர்கள். அவள் பெருமூச்சு முழுவதும் அந்த 'உம்'மில்தான் இருக்கிறது.

இதைக் குறுவினாவுக்கு எப்படி எழுதுவது? மூன்று துண்டு போதும். யார் கூற்று, பாட்டிலிருந்து ஒரு தொடர், அது உணர்த்துவது. 'தலைவி தோழியிடம் கூறுவது இது. "ஆரல் பார்க்கும் குருகு" மட்டுமே சாட்சியாக இருந்தது என்பதால், அவளுக்கென்று பேச ஒருவரும் இல்லாத நிலை புலப்படுகிறது.' அவ்வளவுதான். தொடரை எடுத்துக்காட்டாமல் 'உணர்த்துகிறது' என்று மட்டும் எழுதினால், திருத்துபவர் கண்ணில் அது ஊகமாகத்தான் படும்.

அடுத்தது, பாட்டுக்கு வெளியே இருக்கும் கதையைத் தொட்டுச் செல்லும் குறிப்பு. வேடிக்கை பாருங்கள், திருக்குறளிலும் 25ஆம் பாட்டுதான், அதிலும் சாட்சிதான்:

'ஐந்தவித்தான் ஆற்றல் அகல்விசும்பு ளார்கோமான்
இந்திரனே சாலுங் கரி.'

ஐம்புலனையும் அடக்கியவனின் ஆற்றலுக்கு வானோர் தலைவன் இந்திரனே சாட்சி என்கிறது குறள். கரி என்றால் சாட்சி. அடுப்புக்கரியும் அல்ல, யானையும் அல்ல. இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. ஒன்று, இந்திரன் அகலிகையை நாடிச் சாபம் பெற்ற கதையை அரைப் பக்கம் எழுதிவிட்டுக் குறளை மறந்துவிடுவது. மற்றொன்று, இந்திரனைப் புலனடக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று எழுதுவது. நேர் எதிர்! பரிமேலழகர் உரைப்படி, தான் ஐந்தவிக்காமல் சாபம் பெற்று, அவித்தவரின் ஆற்றலைக் காட்டியவன் அவன். கதைக்கு ஒரு வரி, அதில் குறளுக்கு வேண்டிய பகுதி எது என்று ஒரு வரி. அதற்கு மேல் வேண்டாம்.

உலகை அடியால் அளந்த திருமாலைக் குறிக்கும் 610ஆம் குறளின் 'அடியளந்தான்' பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன், நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: தற்குறிப்பேற்ற அணியைக் குறியீடு என்று எழுதிவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுவது, கோவலனையும் கண்ணகியையும் பார்த்து 'வாரல்', அதாவது 'வராதீர்கள்' என்று கைகாட்டுவது போல் இருக்கிறது. அங்கே கவிஞர் தம் கருத்தை வெளிப்படையாகவே ஏற்றிச் சொல்லிவிடுகிறார். உள்ளுறையில் அது சொல்லப்படுவதே இல்லை. இங்கே ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் ஒரு கை ஆடுகிறது, நேரம் முடிந்தது என்று. வணக்கம்.