தேவலைக்கு எத்தனை மார்க்?

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவ ஆய்வுகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. முழங்கால் வலிக்கான ஓர் ஆய்வில், படிவம் நிரப்புகிற இடத்தில் ஒருநாள் போய் உட்கார்ந்திருந்தேன். களப்பணிக்கு வந்த பெண் வயதான அம்மா ஒருவரிடம் கேட்டார்: "வலி எப்படி இருக்கு பாட்டி? இல்லை, கொஞ்சம், நடுத்தரம், அதிகம். இந்த நாலுல எதுன்னு சொல்லுங்க." பாட்டி முழங்காலைத் தடவிக்கொண்டே, "போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை கண்ணு" என்றார்.

அந்தப் பெண் பேனாவும் கையுமாக என்னைப் பார்த்தார். தேவலைக்குக் கட்டம் இல்லை.

எனக்கென்னவோ பாட்டி சொன்னதுதான் கச்சிதமான பதில் என்று பட்டது. தேவலை என்றால் முன்னைக்கு இப்போது மேல். எவ்வளவு மேல் என்பது அந்தச் சொல்லில் இல்லை. இப்படி வரிசை மட்டும் தெரிந்து இடைவெளி தெரியாதவற்றை வரிசைத் தரவு என்போம். 1946-இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளவைகளை நான்கு வகையாகப் பிரித்தபோது இதையும் தனி வகையாக வைத்தார்.

படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் வம்பு. இல்லைக்கு 1, கொஞ்சத்துக்கு 2, நடுத்தரத்துக்கு 3, அதிகத்துக்கு 4. எண்ணைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது, சராசரி போட்டுவிடும். நானும் போட்டவன்தான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். முதல் மருந்து சாப்பிட்ட மூன்று பேரும் 'கொஞ்சம்' என்கிறார்கள். இரண்டாவது மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் 'இல்லை', ஒருவர் 'அதிகம்'. இரண்டு பக்கமும் கூட்டினால் 6, சராசரி 2. மருந்துகள் சமம். ஆனால் நடுத்தரத்திலிருந்து அதிகத்துக்குப் போவது பெரிய தாவல் என்று நினைத்து, அதிகத்துக்கு 5 கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது பக்கம் 7 ஆகி, அந்த மருந்து தோற்றுவிடும். வலியே இல்லாமல் இருப்பதுதான் பெரிய விஷயம் என்று, அதிகத்தை 4 ஆகவே விட்டு, இல்லைக்கு 0 கொடுங்கள். இப்போது 4, அதே மருந்து ஜெயித்துவிடும். நோயாளிகள் ஒரு வார்த்தையும் மாற்றிச் சொல்லவில்லை. தீர்ப்பு மட்டும் மூன்று.

இதற்குப் பரவலாகக் கையாளப்படும் ஒரு வழியைப் புள்ளியியலாளர் பீட்டர் மெக்கல்லா 1980-இல் விரிவாக எழுதினார். கட்டங்களுக்கு மார்க் போடாமல், நடுவில் கோடு கிழிப்பது. நாலு கட்டத்துக்கு மூன்று கோடு. ஒவ்வொரு கோட்டிலும் இந்தப் பக்கம் எத்தனை பேர், அந்தப் பக்கம் எத்தனை பேர் என்று விகிதம் எடுக்கிறோம். மருந்து அந்த விகிதத்தை எத்தனை மடங்கு மாற்றுகிறது என்பதுதான் விடை. மூன்று கோட்டிலும் அந்த மடங்கு ஒன்றே என்று இந்த முறை வைத்துக்கொள்கிறது. அது உண்மைதானா என்று பார்க்காமல் விடுவதும் தப்புதான்.

சரி, கட்டமே காலியாக இருந்தால்?

அந்தப் பாட்டி அடுத்த மாதம் வரவில்லை. காலிக் கட்டங்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கணக்கிடுவதுதான் பழைய பழக்கம். அது எப்போது செல்லும் என்பதை அமெரிக்கப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் ஒழுங்குபடுத்தினார். படிவம் மழையில் நனைந்து போயிற்று என்றால் பாதகமில்லை. எண்ணிக்கை குறையும், விடை ஒரு பக்கமாகச் சாயாது. வயதானவர்கள் அதிகம் வரவில்லை, ஆனால் எல்லோருடைய வயதும் நம் கையில் இருக்கிறது என்றால், அதை வைத்துச் சரிசெய்யலாம். மூன்றாவதுதான் தலைவலி: வலி தாங்காததால்தான் அவர் வரவில்லை. நமக்குத் தெரிய வேண்டிய பதிலே, பதில் வராததற்கும் காரணம். இதிலும் ஒரு வேடிக்கை, பூரணமாகக் குணமானவரும் வரமாட்டார்.

கடைசியாகச் சொன்ன பதிலையே காலிக் கட்டத்திலும் எழுதிவிடுகிற பழக்கம் மருந்துச் சோதனைகளில் வெகுநாள் இருந்தது. போன மாதம் தேவலை, ஆகவே இந்த மாதமும் தேவலை! நியாயமான காரணம் இல்லாமல் அதைப் பிரதான வழியாகக் கொள்ளக் கூடாது என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2010-இல் அறிக்கையே கொடுத்தது.

ரூபின் காட்டிய வழி, காலிக் கட்டத்தை ஒரு தடவை நிரப்பாமல் பல தடவை நிரப்புவது. பாட்டியின் வயது, பழைய பதில்கள், சாப்பிட்ட மருந்து இவற்றைப் பார்த்து ஒரு பிரதியில் 'கொஞ்சம்', இன்னொன்றில் 'அதிகம்' என்று வாய்ப்புக்குத் தக்கபடி வரும். இருபது பிரதி என்றால் இருபதையும் தனித்தனியே கணக்கிட்டுச் சேர்ப்போம். பிரதிக்குப் பிரதி விடை எவ்வளவு ஆடுகிறதோ, அவ்வளவு நமக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். நிரப்பும்போதும் வரிசையை மதிக்க வேண்டும், 2.6 என்று ஒரு வலி படிவத்தில் கிடையாது.

இத்தனை செய்தாலும், விடுபட்டது இரண்டாவது வகையா மூன்றாவது வகையா என்பதைக் கையில் இருக்கும் எண்கள் சொல்லாது. அதனால் வராதவர்கள் எல்லோரும் ஒரு கட்டம் மோசமாக இருந்தால் விடை நிற்குமா, இரண்டு கட்டம் என்றால் நிற்குமா என்று தள்ளித் தள்ளிப் பார்ப்போம்.

பாட்டியின் படிவத்தில் கட்டம் காலிதான். ஓரத்தில் மட்டும் அந்தப் பெண் பென்சிலில் எழுதியிருந்தார்: "பஸ் படி ஏற முடியலையாம்." கம்ப்யூட்டரில் அதை ஏற்ற இடமே இல்லை. அடுத்த ஆய்வின் படிவத்தில், வராததற்குக் காரணம் என்று ஒரு வரி சேர்த்தோம்.

நன்றி, வணக்கம்.