காலி வண்டியில் தொடாத பட்டை

வணக்கம் நேயர்களே. 1950, 60-களில் அமெரிக்காவில் வந்த பிக்கப் டிரக்குகளைத் தேடிப் பிடித்துச் சீரமைத்து ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பின்பக்கம் தூக்கிப் போடுகிறது என்றால் அவர்களில் பலருக்கு முதலில் கை போவது ஓவர்லோடு பட்டைமேல்தான். ஹெல்பர் பட்டை என்றும் சொல்வோம். பாரம் ஏறும்போது மட்டும் துணைக்கு வரும் எஃகு ஸ்பிரிங் பட்டை அது. அதைக் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஹெல்பர் போட்டு வந்த பழைய ஃபோர்டு எஃப்-250 ஒன்றின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். அச்சோடு யூ போல்ட் போட்டு இறுக்கிய பட்டைக் கட்டு தெரியும். அதில் நீளமான மெயின் பட்டைக்கு இரு முனையிலும் சுருட்டிய கண் உண்டு. ஒன்று சேஸில் நேராக மாட்டியிருக்கும், மற்றது சாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும். அந்தக் கட்டின் தலைமேல் குட்டையாக இன்னொரு கட்டு. இதன் முனைகளில் கண் கிடையாது, எதிலும் மாட்டியும் இருக்காது. சேஸில் இருக்கும் இரண்டு பிராக்கெட்டுகளுக்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டுச் சும்மா நிற்கும். சரக்கு ஏற ஏற சேஸ் இறங்கி, பிராக்கெட் அந்த முனைகளில் வந்து உட்காரும். அதற்கப்புறம் இரண்டு கட்டும் சேர்ந்து சுமக்கும்.

அந்த இடைவெளிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியாக ஏறும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. முழு பாரத்துக்கும் தாங்கும்படி மெயின் கட்டையே விறைப்பாகச் செய்துவிட்டால், காலியாகப் போகும்போது பின்பக்கம் குதிக்கும். கரடுமுரடான சாலையில் டயர் தரையை விட்டு எழும்பும். பிரேக் போட்டால் பின்சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். பிக்கப்பில் காலிக்கும் பாரத்துக்கும் வித்தியாசம் அவ்வளவு அதிகம். அதனால்தான் ஆரம்பத்தில் மென்மை, அப்புறம் விறைப்பு என்று இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். சில வண்டிகளில் இதே வேலையைக் கட்டின் அடியில் இருக்கும், வளைவே இல்லாத ஒரு தடித்த பட்டை செய்யும். மேலுள்ள பட்டைகள் பாரத்தில் நிமிர்ந்து வந்து அதில் படியும். 1960 முதல் 1972 வரை வந்த அரை டன் செவ்ரலே பிக்கப்புகளில் பெரும்பாலும் பின்னால் சுருள் ஸ்பிரிங்தான். அவற்றிலும் துணைக்கு ஒற்றைப் பட்டை வைத்தவை உண்டு.

60-களில் பிக்கப்பின் பின்தொட்டியின்மேல் கேம்பர் கூடு, அதாவது உள்ளே தங்கித் தூங்கும் கூண்டு, ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் பரவியது. கூடு உயரமானது, திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கும். சாயும் பக்கத்து ஹெல்பர் முதலில் பிராக்கெட்டில் முட்டி அந்தச் சாய்வைத் தாங்கிக்கொள்ளும். இது எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு.

சரி, காலி வண்டியே தூக்கிப் போடுகிறதே, ஏன்? வண்டியைச் சமதளத்தில் காலியாக நிறுத்தி, ஹெல்பர் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். துருவும் தூசியும் படிந்திருந்தால் அது தொடவே இல்லை, குற்றம் வேறெங்கோ இருக்கிறது. முனை தேய்ந்து பளபளவென்று இருந்து, இடைவெளியும் இல்லையென்றால், மெயின் கட்டு வளைவு இழந்து தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். காலியிலேயே ஹெல்பர் சுமந்துகொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் அப்போதைக்கு மென்மையாகத் தோன்றும். ஆனால் தொய்ந்த மெயின் கட்டு தனியாகச் சுமந்து திணறும், பாரம் ஏற்றினால் அச்சு நேராக ரப்பர் முட்டில் போய் இடிக்கும். மெயின் கட்டுக்கு வளைவு ஏற்றுங்கள், இல்லையென்றால் புதிது போடுங்கள். இடைவெளி தானாகத் திரும்பி வந்துவிடும்.

ஹெல்பர் போட்டால் கூடுதலாகச் சுமக்கலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், டயர், பிரேக் எதுவும் அதனால் பலப்படுவதில்லை. சுருள் சுற்றிய ஷாக் அப்சார்பரை மாட்டிப் பின்பக்கத்தைத் தூக்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வண்டிகளின் ஷாக் பிடிப்பு ஆட்டத்தை அடக்கச் செய்தது, பாரத்தைத் தாங்கச் செய்ததல்ல. அது கிழிந்துவிடும்.

பட்டைக் கட்டைப் பிரிக்கும்போது, பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைத் தொடுமுன் இரு பக்கமும் வலுவான கிளாம்ப் போடுங்கள். வளைந்த பட்டைகள் விடுபட்டால் கையை உடைக்கும் வேகம் இருக்கும். பட்டைகளுக்கு நடுவே ஊறிய துருவைச் சுரண்டி எடுங்கள். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே போடாதீர்கள், இறுக்கத்தில் அது ஏற்கெனவே நீண்டிருக்கும். புதியதை, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் மாற்றி மாற்றி இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓடியபின் பட்டைகள் படிந்து பிடி தளர்ந்திருக்கும், மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.