நெல் வயலில் மீன் விடுமுன் மண்ணைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. நெல்லோடு மீன் வளர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தில் கேட்டார்கள். லாபக் கணக்கு சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் மண்ணைச் சோதிக்கிறவன், அதனால் அந்த வயலிலிருந்து சோற்றுக்கும் குழம்புக்கும் என்ன வந்து சேர்கிறது என்பதை மட்டும் பேசுகிறேன் என்று சொல்லித்தான் வந்திருக்கிறேன்.

இந்த விவசாயத்துக்குப் பேர் போன இடம் சீனாவில், ஜெஜியாங் மாகாணத்துச் சிங்தியன். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அங்கே மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களில் நெல்லுக்குள் கெண்டை மீன் விடுகிறார்கள். செதில் மெல்லிசாக இருக்கும், செதிலோடேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2005-ல் இதை உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மீன் விட்ட வயலில் விளைச்சல் குறையாமலே பூச்சிமருந்து 68 சதவீதமும் ரசாயன உரம் 24 சதவீதமும் குறைவாகப் போதும் என்று காட்டியது. பூச்சியை மீன் தின்கிறது, களையைக் கிளறி விடுகிறது, அதன் கழிவு பயிருக்கு உரமாகிறது. எல்லாம் உண்மைதான், எனக்கும் இந்த முறை பிடிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், மருந்து அடிக்கவில்லை, அதனால் இது சுத்தமான அரிசி, சுத்தமான மீன் என்று அடுத்த வரியிலேயே எழுதி விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான். பூச்சிமருந்து பெரும்பாலும் நாளாக ஆகச் சிதைந்துபோகும். உடம்புக்கு விஷமான காட்மியமும் ஆர்சனிக்கும் பாதரசமும் தனிமங்கள், அவை சிதையாது. சுரங்கத் தண்ணீரோ ஆலைக் கழிவோ பாய்ந்த வயலில் நீங்கள் மருந்தே தொடாமல் பத்து வருஷம் இயற்கை விவசாயம் செய்தாலும் மண்ணில் உள்ள காட்மியம் அங்கேயேதான் கிடக்கும்.

2013 மே மாதம் குவாங்சோ நகரத்து உணவு அதிகாரிகள் அரிசி, அரிசிப் பொருள் மாதிரிகள் 18 எடுத்துப் பார்த்தார்கள், அதில் 8-ல் காட்மியம் வரம்பைத் தாண்டியிருந்தது. பெரும்பாலும் ஹுனான் மாகாணத்து அரிசி. ஹுனான் சீனாவின் நெற்களஞ்சியம், கூடவே ஈயம், துத்தநாகம் தோண்டி உருக்குகிற ஊர், நெல்லோடு மீன் வளர்ப்பது அதிகமாக நடக்கிற மாகாணமும்கூட. அடுத்த வருஷம் அரசே வெளியிட்ட மண் கணக்கெடுப்பில், சோதித்த விளைநில மாதிரிகளில் 19.4 சதவீதம் தர வரம்பைத் தாண்டியதாகச் சொன்னார்கள். முதல் குற்றவாளி காட்மியம்தான்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், நான் சொல்ல வந்ததே இதுதான். நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்கிறோம் இல்லையா, வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது, மீன் விட்ட வயலில் அதை அவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது. தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத மண்ணில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்துவிடும், வேர் அதை எடுக்க முடியாது. ஆக, காட்மியம் உள்ள வயலுக்கு மீன் ஒருவகையில் நல்லதே செய்கிறது. ஆனால் அதே நின்ற தண்ணீரில் ஆர்சனிக் நேர்மாறாக நடந்துகொள்கிறது. இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆர்சனிக், அந்தத் துரு கரையக் கரைய விடுபட்டு வெளியே வருகிறது, நெல் சிலிக்கா என்கிற மணல் சத்தை எடுப்பதற்கென்று வைத்திருக்கிற வழியாகவே உள்ளே போய்விடுகிறது. வயலைக் காயவிட்டால் ஆர்சனிக் அடங்கும், காட்மியம் கிளம்பும். தண்ணீர் கட்டினால் காட்மியம் அடங்கும், ஆர்சனிக் கிளம்பும். இரண்டும் சேர்ந்திருக்கிற மண்ணை நினைத்தால் எனக்கே தலை சுற்றும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கட்டம் அறுவடைக்கு முன்னால் வருகிறது. மீனைப் பிடிக்க மடையைத் திறந்து தண்ணீரை வடிப்பார்கள், அப்போது கதிர் பால் பிடித்து முற்றிக்கொண்டிருக்கும். சேற்றில் அதுவரை அடங்கிக் கிடந்த காட்மியம் காற்றுப் பட்டதும் மறுபடி கரைந்து, மணி நிறைகிற நேரம் பார்த்து மேலே ஏறும். ஜப்பானில் கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் தண்ணீரை வடிக்காதீர்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது பட்டு வந்த பாடம். டொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்களின் அரிசியைச் சாப்பிட்டு, எலும்பு நொறுங்கி, இருமினால்கூட விலா முறிகிற நிலைக்குப் போனார்கள் ஜனங்கள், பெரும்பாலும் பிள்ளை பெற்று வயதான பெண்கள். மேலே இருந்த சுரங்கத்தின் காட்மியம்தான் காரணம் என்று 1968-ல் அரசு ஒப்புக்கொண்டது. அந்த வயல்களின் மண்ணைச் சீர்செய்து முடிக்க 2012 ஆயிற்று.

மீனுக்கு வருவோம். கெண்டை சேற்றைக் கிளறித் தின்கிற மீன், புழு, நத்தை, அதோடு சேறும் உள்ளே போகும். காட்மியம் அதன் ஈரல், சிறுநீரகம், செவுளில் சேரும், சதையில் குறைவு. அதனால் உள்ளுறுப்புகளையும் செவுளையும் சுத்தமாக எடுத்து எறிந்துவிட்டுச் சமைத்தால் பெரும் பகுதி போய்விடும். சீனாவில் நெல் வயலில் கிரேஃபிஷ் என்கிற நன்னீர்ச் சிங்கி இறாலை வளர்க்கிறார்களே, அங்கே தலைக்குள் இருக்கிற மஞ்சள் பகுதியைத்தான் ருசி என்று உறிஞ்சுவார்கள், காட்மியம் தேங்குவதும் அதே இடத்தில்தான். பிடித்த மீனை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் பட்டினி போட்டு வைப்பதால் குடல் சேறு போகும், சேற்று வாடை போகும், உறுப்பில் ஏறின உலோகம் போகாது. பாதரசம் இதற்கெல்லாம் மசியாது. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்கிற இன்னும் கொடிய வடிவமாக மாற்றிவிடும், அது சதையிலேயே தங்கும். சீனாவில் குய்சோ மாகாணத்து வான்ஷானில், பழைய பாதரசச் சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில், மீனைவிட அரிசி வழியாகத்தான் ஜனங்களுக்கு மெத்தில் பாதரசம் அதிகம் போகிறது என்று கண்டார்கள்.

சரி, நாம் என்ன செய்வது? டெல்டாப் பக்கம் நெல், மீன், கோழி என்று சேர்த்துச் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து தொடங்கி கார அமில நிலை, துத்தநாகம், இரும்பு என்று 12 விஷயம் இருக்கும். காட்மியம் இருக்காது, ஆர்சனிக் இருக்காது, ஈயம் இருக்காது. அவற்றைத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டிச் சோதிக்க வேண்டும், ஆய்வகமும் எல்லா ஊரிலும் கிடையாது. சுரங்கம், தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, நகரத்துச் சாக்கடை, இவற்றின் தண்ணீர் எப்போதாவது பாய்ந்த நிலமென்றால் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். போர்வெல் தண்ணீரையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் அறுவடையில் அரிசியை ஒரு மாதிரியாகவும், மீன் சதையை ஒரு மாதிரியாகவும், ஈரலைத் தனியாகவும் கொடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துக் கொடுத்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. அரிசியில் காட்மியத்துக்குச் சர்வதேச வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், சீனாவில் 0.2. எந்த வரம்பை வைத்துத் தேறியது என்று சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்மியம் கொஞ்சம் கூடுதல், மண்ணும் புளிப்பு என்றால், சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்து, கதிர் முற்றும்வரை தண்ணீரை வடிக்காமல் வைத்திருந்து, அப்புறம் மீனை வரப்போரப் பள்ளத்துக்கு ஒதுக்கிக்கொண்டு அறுக்கலாம். ஆர்சனிக் என்று வந்தால் நான் வயலில் மீன் விடச் சொல்ல மாட்டேன். மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, சோதித்த நல்ல தண்ணீரில் மீனை அங்கே வளர்த்துக்கொள்ளுங்கள், நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் கொடுங்கள். வருமானம் சற்றுக் குறையும், அதற்கு என்னிடம் பதில் இல்லை.