மண்ணுக்குள் உறைந்த தண்ணீர்க் குழாய்: பனிக்கட்டியை உருக்குவது எப்படி?

[காட்சி: வெள்ளவத்தை வீடொன்றின் நீர்மானி]

வணக்கம். கொழும்பில் தண்ணீர் வராவிட்டால் நீர்வெட்டு அறிவித்தலைத் தேடுவோம், அல்லது மேல்மாடித் தாங்கியை எட்டிப் பார்ப்போம். பெப்ரவரி மாதத்தில் கனடாவிலுள்ள உறவினர் வீட்டில் தண்ணீர் நின்றுவிட்டால், வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் மண்ணுக்குள்ளேயே உறைந்திருக்கவும் கூடும்.

நாம் குழாயைப் புதைப்பது வாகனப் பாரமும் மண்வெட்டியும் படாதிருப்பதற்காக. அங்கே ஆழத்தைத் தீர்மானிப்பது குளிர். ரொறொன்ரோவில் மண் ஏறத்தாழ 1.2 மீற்றர் வரை உறையும் எனக் கொண்டே அத்திவாரம் வெட்டுகிறார்கள். வின்னிபெக்கில் கடுங்குளிர் 2 மீற்றருக்கும் கீழே இறங்கும். 2014ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் குழாய்கள் உறைந்தன. குளிர் மண்ணுக்குள் மெதுவாகவே இறங்குவதால், வெளியே வெயில் தலைகாட்டும் மார்ச் மாதத்திலும் கீழே உறைவு ஆழமாகிக்கொண்டிருக்கும். பனி மூடிய புல்தரைக்கு அந்தப் பனியே போர்வையாகிறது. பனி அகற்றப்பட்ட வீதிக்கும் வாகனப் பாதைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

[காட்சி: குழாயின் குறுக்குவெட்டு வரைபடம்]

ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள் இருக்கலாம். அயல்வீட்டில் வந்து, நம் வீடு முழுவதும் வராவிட்டால் மண்ணுக்கடியில் தேட வேண்டும். எதைச் செய்யுமுன்னும் வீட்டில் ஒரு குழாயைத் திறந்து வையுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால், பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் இடையே அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, உறையாத இடத்தில்கூடக் குழாய் வெடிக்கலாம்.

20 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் 5 மீற்றர் நீளத்துக்கு உறைந்தாலும், உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பனிக்கட்டிதான். அதை உருக்கும் வெப்பம் ஒரு கேத்தலுக்கே பெரிதல்ல. ஆனால் அந்த வெப்பத்தை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே சிரமம். மேலே நெருப்பு மூட்டுவதும் சுடுதண்ணீர் ஊற்றுவதும் வீண் வேலை.

ஆகவே நீர்மானியைக் கழற்றி, அந்த வாயினூடாக ஒரு மெல்லிய வளையும் குழலைச் செலுத்தி, சிறிய பம்பியினால் சுடுதண்ணீரை உள்ளே அனுப்புகிறார்கள். ஆறிய தண்ணீர் குழலைச் சுற்றித் திரும்பி வாளியில் விழும். அதை மீண்டும் சூடாக்கி அனுப்பும்போது, முன்னால் பனிக்கட்டி உருக உருகக் குழல் அங்குலம் அங்குலமாக நகரும். கடைசித் தடை உடைந்ததும் வீதிக் குழாயின் அழுத்தம் முழுவதும் வீட்டுக்குள் பாய்வதால், வால்வை மூட ஒருவர் கையை வைத்தபடியே நிற்க வேண்டும்.

இன்னொரு முறையில், உலோகக் குழாயின் இரு முனைகளிலும் வெல்டிங் இயந்திரத்தை இணைத்து, பெரும் மின்னோட்டத்தால் குழாயையே சூடாக்குவார்கள். பிளாஸ்டிக் குழாய்க்கு இது உதவாது. மின்னோட்டம் வழிதவறி வீட்டின் புவித்தொடுப்புக் கம்பியினூடாகப் பாய்ந்தால் தீப்பற்றும். எனவே இதைத் தேர்ச்சி பெற்றவர் மட்டுமே கையாள வேண்டும். என் பரிந்துரை முதல் முறைதான்.

தண்ணீர் வந்த பின்னும் சுற்றியுள்ள மண் உறைந்தே இருக்கும். ஆகையால் பென்சில் தடிப்பில் ஒரு குழாயை இரவும் பகலும் ஓடவிட்டு, மண்ணின் உறைவு நீங்கியதாக மாநகரசபை அறிவிக்கும் வரை அதை மூடாதிருக்க வேண்டும்.