சாலையில் கற்றதைக் கழற்றி வைக்கும் இடம்: செஸ்ட்நட் காட்டில் முதல் மலைச் சைக்கிள் பயணம்

[காட்சி: மரங்களுக்கிடையே சரிந்து இறங்கும் செம்மண் தடம். குறுக்கே மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர்.]

வணக்கம். திரையில் நீங்கள் காணும் இந்த இறக்கம் பத்து மீட்டர்கூட இராது. ஆனால் பல ஆண்டுகள் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவரும் முதன்முறையாக இதன் உச்சியில் வந்து நிற்கும்போது மூன்று காரியங்களைச் செய்துவிடுகிறார். இருக்கையில் அழுந்த உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு பிரேக்குகளையும் இறுகப் பிடிக்கிறார். முன்சக்கரத்தின் அடியில் இருக்கும் வேரையே உற்றுப் பார்க்கிறார். தார்ச்சாலையில் இவற்றால் பெரிய கேடில்லை. காட்டுத் தடத்தில் ஒருவரை மண்ணில் தள்ளுவதற்கு இம்மூன்றே போதும்.

[காட்சி: வரைபடம். சிங்கப்பூரின் நடுவே பச்சைப் பரப்பு. அதன் மேற்கு ஓரத்தில் ஒரு புள்ளி.]

நாம் நிற்கும் இடம் சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா. புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீடுகளிலிருந்து சிறிது தொலைவிலேயே, மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனத்திற்கு ஓர் அரண்போல, 81 ஹெக்டேர் பரப்பில் இது அமைந்திருக்கிறது. தென்பகுதி 2016-லும் வடபகுதி 2017-லும் மக்களுக்குத் திறக்கப்பட்டன. சைக்கிளுக்கென 8.2 கிலோமீட்டர் தடமும், நடப்பவர்களுக்கென 5.6 கிலோமீட்டர் தடமும் தனித்தனியே போடப்பட்டிருப்பதுதான் புதியவருக்கு இதன் முதன்மையான வசதி என்பது என் கருத்து. வளைவு திரும்பியதும் எதிரே ஒரு முதியவரோ குழந்தையோ வந்துவிடக்கூடும் என்ற அச்சம் குறைந்தால்தான் தன் சக்கரத்தின்மீது ஒருவரால் கவனம் வைக்க முடியும்.

[காட்சி: டயரின் காற்று வாயில் அளவுமானி.]

புறப்படுமுன் டயரிலிருந்து தொடங்குவோம். சாலைச் சைக்கிளின் மெல்லிய டயரில் 90 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தில் இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) வரை காற்றடித்துப் பழகியவர்கள், மலைச் சைக்கிளின் டயரையும் கல்போல வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 84 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இரண்டு டயர்களும் சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு, எளிய கணக்கின்படி, ஏறத்தாழ 13 சதுர சென்டிமீட்டர்தான். அதே எடையை 30 பிஎஸ்ஐ தாங்கும்போது அப்பரப்பு 40 சதுர சென்டிமீட்டராக விரிகிறது. டயரின் விறைப்பைக் கணக்கில் சேர்த்தால் எண்கள் சற்று மாறும் என்றாலும், காற்று குறைந்த டயர் வேரின்மேல் துள்ளாமல் அதைச் சுற்றிப் படிந்து பிடித்துக்கொள்கிறது என்பது மாறாது. அதற்காக ஒரேயடியாகக் காற்றை இறக்கிவிடவும் கூடாது. உள்ளே டியூப் இருந்தால், அது கல்லுக்கும் சக்கர வளையத்துக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். நடுத்தர எடையுள்ளவர் டியூப் உள்ள அகன்ற டயரில் 28 முதல் 32 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம்.

அடுத்தது இருக்கை. சமதரையில் கால் நன்கு நீளும்படி உயர்த்தி வைத்திருக்கும் இருக்கையை, இறக்கம் தொடங்குமுன் ஒரு சாண் அளவுக்கேனும் தாழ்த்திவிடுங்கள். உடல் பின்னாலும் கீழேயும் நகர இடம் வேண்டும். இருக்கை வயிற்றில் முட்டினால் அது நடவாது.

[காட்சி: பக்கவாட்டில் ஓர் ஓட்டுநர். பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில். முழங்கைகள் வெளிப்புறம் வளைந்து.]

இனி, உட்காரும் பழக்கம். வாடகைக்குக் கிடைக்கும் மலைச் சைக்கிள்களின் முன்சஸ்பென்ஷன், அதாவது முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு, பெரும்பாலும் 100 முதல் 120 மில்லிமீட்டர்தான் அமுங்கும். உங்கள் முழங்காலும் முழங்கையும் அதைப்போலப் பல மடங்கு மடங்கி நிமிரக்கூடியவை. உட்கார்ந்துவிட்டால் அந்த இயற்கைச் சஸ்பென்ஷனை நாமே பூட்டிவிடுகிறோம். ஆகவே கரடுமுரடான இடத்தில் பெடல்மேல் எழுந்து நில்லுங்கள். பாரத்தைக் கைகளில் ஏற்றாமல் பாதங்களில் இறக்குங்கள். முழங்கால்களை விறைப்பாக வைக்காதீர்கள்.

பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைக்கச் சொல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெடல்கள் சுழலும் அச்சு நிலத்திலிருந்து 32 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், பெடலைத் தாங்கும் கிராங்க் 17 சென்டிமீட்டர் நீளம் என்றும் கொள்வோம். ஒரு பெடல் முழுதும் கீழே இறங்கினால் அதற்கும் மண்ணுக்கும் நடுவே 15 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் எஞ்சும். வேர் ஒன்று சற்று உயர்ந்து நின்றால் பெடல் அதில் மோதும்; வண்டி நின்றுவிடும், ஓட்டுநர் நிற்கமாட்டார்.

[காட்சி: ஓட்டுநரின் கண்கள். பிறகு அவர் பார்வையில் தடம்.]

பார்வையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, பழகத்தான் நாளாகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் கடக்கிறது. இரண்டு மீட்டர் முன்னே பார்ப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் அரை விநாடி. பத்து மீட்டர் முன்னே பார்ப்பவருக்கு இரண்டு விநாடிக்கு மேல். கண் எங்கே போகிறதோ அங்கேதான் தோளும் கையும் திரும்பும், ஆதலால் மோதக்கூடாத மரத்தைப் பார்க்காமல், மரத்துக்குப் பக்கத்திலுள்ள வழியைப் பாருங்கள்.

[காட்சி: பிரேக் பிடியின்மேல் ஒரே ஒரு விரல்.]

இந்த வீடியோவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது பிரேக்காக இருக்கட்டும். 1976-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டாமல்பாயிஸ் மலைக்கு அருகே, பழைய பருத்த டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் ஓட்டும் பந்தயம் ஒன்று தொடங்கியது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்குகள் அவற்றில் இருந்தன. ஓர் இறக்கம் முடிவதற்குள் சக்கர அச்சிலிருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அந்தப் பந்தயத்திற்குப் பெயராக நிலைத்தது. மலைச் சைக்கிள் என்ற வண்டி உருவான கதையில் பிரேக்குக்கு இத்தனை பெரிய பங்கு இருக்கிறது.

சக்கர அச்சிலுள்ள தகட்டைப் பற்றி நிறுத்தும் இன்றைய டிஸ்க் பிரேக்குகளின் தொல்லை இதற்கு நேர்மாறானது: அவை தேவைக்கு மேல் பிடிக்கும். எனவே மற்ற நான்கு விரல்களும் ஹேண்டில்பாரைப் பற்றியிருக்க, பிரேக் பிடியில் ஆள்காட்டி விரல் ஒன்று போதும். வண்டி வேகம் குறையும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்சக்கரத்திடம் வந்து சேர்கிறது. "முன்பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவாய்" என்று சிறுவயதில் கேட்டதை நம்பிப் பின்பிரேக்கை மட்டுமே பிடிப்பவரின் பின்சக்கரம் சரளையில் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டியோ நிற்காது. இரண்டையும் மெல்லக் கூட்டி, மெல்லக் குறையுங்கள். வாடகை வண்டியில் எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்குரியது என்பதை வாகன நிறுத்துமிடத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அந்த ஏற்பாடு வண்டிக்கு வண்டி மாறும்.

[காட்சி: மீண்டும் அதே இறக்கம், அதே வேர். மெதுவான ஓட்டத்தில்.]

இப்போது நமது வேருக்கு வருவோம். டயரால் ஒரு நேரத்தில் ஓரளவு பிடிமானத்தைத்தான் தர முடியும். அதை வேகம் குறைக்கச் செலவழித்துவிட்டால், பக்கவாட்டில் வழுக்காமல் நிற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வேகத்தை வேருக்கு முன்னாலேயே, பிடிமானம் உள்ள மண்ணில், குறைத்துவிட வேண்டும். வேரின்மேல் ஏறும் அந்த ஒரு கணம் பிரேக்கை விட்டு, முன்சக்கரத்தை வேருக்குச் செங்குத்தாக வைத்து, உடலைத் தளர்த்தி உருள விடுங்கள். அச்சம் பிரேக்கைப் பிடி என்றே சொல்லும். அதற்காகத்தான் ஓரங்குல உயரமுள்ள வேர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே பத்து முறை கடந்து பாருங்கள் என்கிறேன். நீண்ட தடத்தை ஒருமுறை தட்டுத்தடுமாறி முடிப்பதைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

ஏற்றத்துக்கு ஒரே ஒரு சொல்: கியரை ஏற்றம் தொடங்குமுன் மாற்றுங்கள், பாரம் ஏறியபின் மாற்றினால் சங்கிலி முரண்டு பிடிக்கும்.

[காட்சி: மழைக்குப் பிறகு தடம். டயர் கீறிய பள்ளத்தில் நீர் ஓடுகிறது.]

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆண்டில் 170 நாள்களுக்கு மேல் மழைநாள்கள். ஈரம் ஏறிய வேரில் மேற்சொன்ன கணக்குகள் எதுவும் புதியவருக்கு உதவாது. அதோடு, சேற்றில் டயர் கீறும் கோடு அடுத்த மழையில் வாய்க்காலாகிறது, வாய்க்கால் பள்ளமாகிறது, பள்ளத்தைத் தவிர்க்க ஓட்டுநர்கள் ஓரத்துச் செடிகளை மிதித்துத் தடத்தை அகலமாக்குகிறார்கள். கனமழை பெய்த மறுநாள் தடம் காயும்வரை பொறுத்திருப்பது தோலுக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

நீள்வால் குரங்குகள் தடத்தில் அமர்ந்திருந்தால் இறங்கி நின்று அவை விலகும்வரை காத்திருங்கள். தின்பண்டப் பையை வெளியே எடுக்காதீர்கள். சூரியன் ஏழு மணியளவில் மறையும் என்றாலும் மரங்களடியில் வெளிச்சம் அதற்கு வெகு முன்பே மங்கிவிடும்.

[காட்சி: வாகன நிறுத்துமிடம். சேறு படிந்த சைக்கிள்.]

தடத்தை விட்டு வெளியே வந்ததும், தலைக்கவசத்தைக் கழற்றுமுன், இருக்கையைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். தாழ்ந்த இருக்கையுடன் வீடுவரை மிதித்தால் முழங்கால் வலிக்கும். சேற்றைக் கழுவும்போது அழுத்த நீரைச் சக்கர அச்சில் பாய்ச்சாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். ரீபேக் சரிவில் சூடு செய்த வேலையை இங்கே தண்ணீர் செய்துவிடும்.